மனப்பாடமான பாட்டு

அந்தப் பாட்டில் இருமல் கிடையாது. அவனுக்கு அது நிச்சயமாகத் தெரியும். டிரம்ஸ் இடி மாதிரி உருண்டு வந்து சட்டென்று நிற்கும். கிடார் மறுபடி ரம்பம் போட ஆரம்பிப்பதற்குள் ஒரு மூச்சு விடுகிற அளவுக்கு இடைவெளி. இன்றைக்கு அந்த இடைவெளியில் யாரோ இருமினார்கள்.

அந்த மெட்டல் குழு என்றால் அவனுக்கு உயிர். மீசை முளைத்த நாளிலிருந்து வீடே அதிர அதைத்தான் போடுவான். தகடு அமுக்கும் பிரஸ்ஸில் பெடல் மிதிக்கிறவன் காதில் ஹெட்போன் மாட்டலாமா என்று ஃபோர்மேன் சண்டைக்கு வந்தார். எனக்கு இது மனப்பாடம் சார், இதில் இல்லாத சத்தம் எது வந்தாலும் தனியாகக் கேட்கும் என்றான். சோதித்துப் பார்த்தார்கள். உண்மைதான். பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு விழும்; எதிரே அச்சுக்குள் கைவிட்டுத் தகட்டைச் சரிசெய்வது தங்கச்சி புருஷன். அவன் முணுமுணுத்தால்கூட இவன் கால் நின்றுவிடும்.

ஆனால் எதுவும் ஒருநாள் புளித்துப்போகும். புது ஆல்பம் என்று வந்ததிலும் அதே ரம்பம், அதே இடி, வாலை மிதித்த பூனை மாதிரி அதே கத்தல். சலிப்புத் தாங்காமல், யாரிடமும் சொல்லாமல், வேறொரு குழுவின் பாட்டை மாட்டிக்கொண்டு மிதித்தான். மாப்பிள்ளை "இருங்க மச்சான்" என்று கத்தியது பாட்டோடு பாட்டாகக் கரைந்துவிட்டது. கை தோள்வரை போயிற்று. ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்குமுன் உயிரும் போயிற்று.

சொல்லாமல் கையை விட்டுட்டான் என்று இவன் எல்லோரிடமும் சொன்னான். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? கம்பெனிக்காரனுக்கும் அதுதான் சௌகரியம். தங்கச்சி அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அவரு ஒண்ணுமே சொல்லலையா அண்ணா?"

"ஒரு வார்த்தை சொல்லல."

புருஷன் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். பெடலில் கால் வைக்க இவன் மறுத்தான். அவள் தானாகவே, நான் மிதிக்கிறேன் என்றாள். இவன் அச்சுப் பக்கம் மாறி, பயத்தில் பழைய பாட்டுக்கே திரும்பினான்.

இப்போது அதில் இருமல்.

சாயங்கால வெளிச்சம் கூரை ஓட்டை வழியாகக் கம்பியாக இறங்கியது. சூடான எண்ணெய் வாடை. அதற்கடியில், எவ்வளவு கழுவியும் போகாத, ஈர நாணயத்தை நாக்கில் வைத்த மாதிரி இன்னொரு வாடை. டிரம்ஸ் உருண்டு வந்தது. நின்றது. இடைவெளியில் இந்த முறை இருமல் இல்லை.

*இருங்க மச்சான்.*

ஹெட்போனைப் பிடுங்கித் தரையில் அடித்தான். பாட்டு நிற்கவில்லை. மெஷினுக்குள்ளிருந்து வந்தது. பக்கத்து மெஷின்காரர்கள் யாரும் நிமிரவில்லை. அவனவன் வேலை அவனவனுக்கு.

தகடு ஒரு ஓரம் தூக்கியிருந்தது. சரிசெய்யாமல் விட்டால் ஃபோர்மேன் திட்டுவார். கையை உள்ளே விட்டான்.

தகட்டுக்கு அடியில் ஏதோ மணிக்கட்டைத் தொட்டது.

விரல்கள். ஈரமாக. பிடித்துக்கொண்டன.

இழுத்தான். வரவில்லை. தோள் மூட்டு கழன்றுவிடும்போல வலித்தது.

"இரு... இரு தங்கச்சி, கால எடு."

அவள் நிமிர்ந்தாள். காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. தலை மட்டும் அந்தப் பாட்டின் தாளத்துக்கு, ஒரு அடி பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லலன்னியே அண்ணா," என்றாள், தண்ணீர் கேட்பதுபோலச் சாதாரணமாக. "கேளு. எவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டிருக்காரு."

அவன் கத்தினான். டிரம்ஸ் அதை விழுங்கியது.

எப்போதும் ஒரே அடியாக விழுகிற அந்த இரும்பு, இன்று விழவில்லை. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு நூல் அளவாக, இறங்கத் தொடங்கியது.