பஞ்சு மெஷினின் சிவப்பு விளக்கு

நூல் மில்லில் ஆயுத பூசை மத்தியானம். சந்தனம் பூசி ஓய்வுக்கு விட்டிருந்த அத்தனை பஞ்சு மெஷினுக்கும் நடுவே, ஒன்றில் மட்டும் கடுகளவு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வைகுண்டராஜ் மேஸ்திரி அப்படியே நின்றுவிட்டார். அந்த விளக்குக்குக் கரண்டு வேண்டாம். எலக்ட்ரீசியன் சமுத்திரம் ஒட்டிவைத்த காசளவு வில்லை, மெஷினின் அதிர்வையும் சூட்டையும் தின்று எரியும். சுவிட்சை அணைத்தாலும் உள்ளே பஞ்சைச் சீவும் முள்ளுருளை வெகுநேரம் சுற்றும். விளக்கு அணைந்த பொறவுதான் கை விடலாம்.

போன மாதம், சிக்கிய பஞ்சை எடுக்கச் சொன்னபோது, மெஷின் ஓட்டும் சேத்தூர் ராக்கப்பன் அதைத்தான் சொன்னான். "விளக்கு எரியுதுண்ணே. செத்த நேரம் பொறுங்க."

"ஏலே, விளக்கு என்ன ஒம் மாமனாரா, மரியாதை குடுத்து நிக்க? கைய விடுலே" என்று அதட்டினார் மேஸ்திரி.

இதே மெஷினில் கை போயிற்று. ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிரும் போயிற்று. விளக்கு கெட்டுக் கிடந்தது என்று மேஸ்திரி சாதித்துவிட்டார். நாளை மறுநாள் பேக்டரி இன்ஸ்பெக்டர் அதைச் சோதிக்க வருகிறார். எரிந்தால் மேஸ்திரிக்கு ஜெயில்தான். அதற்குள் வில்லையைப் பிடுங்கிவிடத்தான் வந்திருந்தார்.

உள்ளே வரும்போது கேட்டில் வாட்ச்மேன் ஐயாதுரை சிரித்திருந்தார். "பொரிகடலை தீந்துபோச்சே மேஸ்திரி."

"ஒரு சாமான மறந்துட்டேன்வே. இந்தா வாரேன்."

ஊதுபத்திப் புகையும் எண்ணெய் வாடையும் அடைத்துக் கிடந்த கூடத்தில், வெயிலுக்குத் தகரக் கூரை சடசடவென்று நெளியும் சத்தம் மட்டும் கேட்க, பஞ்சுத் தூசி மெத்திய தரையில் தன் காலடி ஓசைகூட எழாததை நினைத்தபடி அவர் மெஷினை நெருங்கினார். தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அசைவில்லை. ஆனாலும் விளக்கு எரிந்தது.

மூடியைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரால் வில்லையை நெம்பினார். அது நழுவி உள்ளே விழுந்தது.

இருட்டுக்குள் சிவப்பாக எரிந்தது.

பூசை நாள். மெயின் சுவிட்சே அணைந்திருக்கிறது. எதுவும் ஓடாது. கையை விட்டார்.

விரல்கள் குளிர்ந்தன. மணிக்கட்டு. முழங்கை. உடம்புச் சூட்டை யாரோ உறிஞ்சுவதுபோல. விளக்கு இன்னும் பிரகாசித்தது. கையை இழுத்தார். வரவில்லை.

உள்ளே ஒரு கை அவர் கையைப் பற்றியிருந்தது.

சூடான கை. நேரம் ஆக ஆக இன்னும் சூடாகிக்கொண்டே வந்தது.

"ஐயாதுரை..."

குரல் எழும்பவில்லை. நடுக்கம் மட்டும். அவர் நடுங்க நடுங்க, விளக்கு எரிந்தது.

மெஷினின் மறுபக்கத்திலிருந்து பஞ்சுத் திரி மெல்ல வெளியே வந்தது. டப்பாவுக்குள் சுருள் சுருளாக இறங்கியது.

வெள்ளையாக.

பிறகு சிவப்பாக.

அவருக்கு வலிக்கவே இல்லை.