கையெழுத்துப் போட்டவள்

காலையிலேயே டீ போட அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் ஏறின. ஒன்று மருமகள் வைத்தது. மற்றது, "எங்கம்மாவுக்கு நானே போட்டுக்கறேன் அண்ணி" என்று சொல்லி நாத்தனார் வைத்தது. அதே தூள், அதே சர்க்கரை; ஆனாலும் தனிப் பாத்திரம்! பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிற டீச்சர் அவள். அந்தப் பார்வை வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா?

"பதினெட்டு நாளாச்சு... டாக்டர் சொன்ன அன்னைக்கே கரண்டு வைக்க ஆரம்பிச்சிருந்தா இந்நேரம் பாதி முடிஞ்சிருக்கும். உங்க ஆராய்ச்சிக்கு எங்கம்மாதான் கெடைச்சாங்களா?"

மருமகள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மாமியாருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும்.

மாமியாருக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். முதல் நிலையிலேயே தெரிந்து, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் முரட்டுத்தனமாக இருந்தன. திரும்ப வரலாம், கதிர்வீச்சு கொடுத்து, அதாவது கரண்டு வைத்துவிடுவோம் என்றார் டாக்டரம்மா. மருமகளோ லேபில் வேலை பார்க்கிறவள். மெழுகில் புதைத்த சதையை வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவதுதான் ஒன்பது வருஷமாக அவள் பிழைப்பு. பார்க்க முரடாக இருப்பதெல்லாம் திரும்பி வருவதில்லை என்று அவளுக்குத் தெரியும். "எடுத்த சதையில ஜீன் டெஸ்ட் ஒண்ணு பாத்துட்டு முடிவு பண்ணலாமா மேடம்?" என்று கேட்டாள்.

"சில வாரம் காத்திருக்கலாம், ஆபத்தில்ல. ஆனா முடிவு அம்மாவோடது" என்றார் டாக்டரம்மா.

மாமியார் நன்றாக யோசித்துத் தானே கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் போட்டேன்னு புள்ளைங்ககிட்ட சொல்லிடாதடி... அழுதே என் மனசை மாத்திடுவாங்க!"

அன்று முதல் பழியெல்லாம் மருமகள் தலையில். நாத்தனாராவது வாய்விட்டுத் திட்டினாள். புருஷன், "அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று பாதியில் நிறுத்தினானே, சொல்லாமல் விட்ட அந்த மீதிதான் அவள் நெஞ்சை அறுத்தது.

இன்றைக்கு ரிசல்ட். நால்வரும் டாக்டரம்மாவின் அறையில் நின்றார்கள். அவர் உறையைக் கையில் எடுத்தார்.

"இருங்க டாக்டர்... பிரிக்காதீங்க!" என்றாள் மாமியார்.

"பயமா இருக்காம்மா?"

"பயம்தான். ஆனா நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு, நல்லதா வந்தப்பறம் சொன்னா அதுக்கு மதிப்பில்ல. கெட்டதா வந்தா சொல்ல எனக்குத் தைரியமில்ல." பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "காத்திருக்கலாம்னு கையெழுத்துப் போட்டது நான். இவ என்னைக் கட்டாயப்படுத்தல. உங்க அழுகைக்குப் பயந்து, பதினெட்டு நாளா இவளைத் திட்டு வாங்க விட்டுட்டு வாயை மூடிட்டு இருந்தேன்... நான் பாவி!"

மருமகளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அதெல்லாம் எதுக்கு அத்தை இப்ப... முதல்ல ரிப்போர்ட்டைப் பாருங்க!"

டாக்டரம்மா பிரித்துப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு சிரித்தார். "பாக்கத்தான் முரடு. இது திரும்பி வர வாய்ப்பு ரொம்பக் கம்மியான வகை. கரண்டு வேண்டாம். செக்கப்புக்கு மட்டும் தவறாம வந்துடுங்க."

நாத்தனார் பாய்ந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். "என்னை நாலு அறை அறைங்க அண்ணி!"

"அறைஞ்சா அப்பறம் நான் யார்கூட சண்டை போடறது?"

புருஷன் தரையைப் பார்த்தபடி, "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..." என்று முனகினான்.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுடைய கைப்பையை வாங்கித் தான் சுமந்துகொண்டான்.

வராந்தாவில் மாமியார் நடையை நிறுத்தினாள். "ஏன்டி, கெட்டதா வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"கரண்டு வைக்க தினமும் உங்களைக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

"காலம் பூரா இவங்க உன்னைத் திட்டியிருப்பாங்களே!"

"திட்டட்டும் அத்தை. அதைக் கேக்க நீங்க இருந்தா போதும்."

போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட மாமியார் நினைக்கவில்லை. "என்னைப் பெத்த தாயே!" என்று மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.