ஒன்பதாவது படி

மேல்மாடத்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்த கோட்டைக் காவலர் டூகலுக்குக் கீழே யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது. கோட்டையின் வெளிக்கதவைப் பூட்டியாகிவிட்டது. சாவி அவர் கோட்டுப் பையில் இருந்தது.

டிக்கெட் கொடுக்கும் செங்காவும் கிளம்பிவிட்டாள். "சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வாங்களேன். செத்துப்போன பிரபுக்களோட எத்தனை நாள்தான் குடித்தனம் பண்ணுவீங்க?" என்று கிண்டலடித்துவிட்டுத்தான் போனாள். இன்னொரு நாள் என்று மழுப்பிவிட்டார். மனைவி ஈஃபி இறந்துபோன இந்த மூன்று வருடமாக யார் கூப்பிட்டாலும் அதே பதில்தான். ஸ்காட்லாந்து டிசம்பர், நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. செங்காவின் கார் விளக்கு பாலம் தாண்டி மறைந்ததும் அவருக்கு அழவேண்டும் போலிருந்தது.

ஈரக் கல்லின் வாடையும் கணப்பின் பழைய கரிநெடியும் ஏறிவரும் அந்தத் திருகுப் படிக்கட்டில் காலடி நிதானமாக மேலே வந்தது. சுற்றிப் பார்க்க வந்த யாரோ உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். எப்படியும் ஒன்பதாவது படியில் இடறுவார்கள். கோட்டையைக் கட்டியவர்கள் அந்த ஒரு படியை மட்டும் வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருந்தார்கள். இருட்டில் ஏறிவரும் எதிரி அங்கே குப்புற விழுவான். வீட்டு மனிதர்களுக்கோ கால் தானாகவே உயரும்.

எண்ணினார். ஏழு. எட்டு. ஒன்பது.

இடறவில்லை.

பத்து.

கதவைச் சாத்தி, மரத்தாழைக் குறுக்கே போட்டார். அந்தப் படி பழகிய கால்கள் இந்தக் காலத்தில் நான்குதான். இரண்டு அவருடையவை. தினமும் தேநீரோடு ஏறி வந்த மற்ற இரண்டும் தேவாலயத்துக் கல்லறையில் கிடந்தன.

பயமாக இருந்தது. அதைவிட ஆசையாக இருந்தது.

"ஈஃபி?"

காலடி கதவுக்கு வெளியே நின்றது.

"கதவத் தொறயேன், டூகல். குளிருது."

அதே குரல். அதே சலிப்பு. கண்ணில் நீர் முட்ட, தாழைப் பிடித்து இழுத்தார்.

அவளுக்கு அப்பால் வேறு காலடிகளும் கேட்டன. ஒன்று. இன்னொன்று. பிறகு நிறைய. எதுவும் இடறவில்லை.

அதற்குள் தாழ் கையோடு வந்துவிட்டது.

கதவு திறந்தது. ஈஃபி நின்றாள். அவளுக்குப் பின்னால், படிக்கட்டு வளைந்து இறங்கும் இருட்டு வரைக்கும், படிக்கு ஒருவராக நின்று கோட்டையின் செத்துப்போன பிரபுக்கள் எல்லோரும் அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஃபிக்கு அடுத்த படி மட்டும் காலியாக இருந்தது.