போலியை வைத்துவிட்டுப் போகிறவன்

இந்தக் காலத்துப் பெண்டாட்டிகள் புருஷனைப் பார்த்துப் பேசுவதில்லை. கைக்குள் இருக்கிற கண்ணாடிச் சில்லைப் பார்த்துத்தான் பேச்சு, குழைவு எல்லாம். ஆம்பிளைகளும் ஒன்றும் யோக்கியமில்லை. செத்த வீட்டில்கூடக் குனிந்த தலை நிமிராமல் போனைத் தடவிக்கொண்டிருக்கிறான்கள்.

வார்தினி குளிக்கப் போய்விட்டாள். அவள் போன் பாயில் கிடந்தது. தொடுவதற்கு ஆள் இல்லாமலே அதற்குள் ஒரு கறுப்பு பொம்மை நடந்துகொண்டிருந்தது.

தர்சோனோ அதை ஓரக்கண்ணால் பார்த்தார். நெல் வயல்மேல் மத்தியானத்திலேயே மழை கட்டி நின்று, இப்போது ஓட்டுக் கூரையை உடைக்கிற மாதிரி கொட்டியது. ஈர மண்ணும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை வீட்டுக்குள் கனத்துக் கிடக்க, குளியலறையில் அவள் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றுகிற சத்தம் மழையைத் தாண்டி விட்டு விட்டுக் கேட்டது. அவரைவிட ரொம்பச் சின்னவள்; ஜாவா வழக்கப்படி புருஷனை 'மஸ்' என்றுதான் கூப்பிடுவாள். காலையில்தான் சண்டை.

"யாரோட விளையாடுற?" என்று கேட்டிருந்தார்.

"திருட்டு விளையாட்டு மஸ். வீட்டுக்குள்ள பூந்து, ஆள் முழிக்காம சாமானை எடுக்கணும். எடுத்த இடத்துல அதே மாதிரி ஒரு போலியை வெச்சுட்டு வரணும். வீட்டுக்காரனுக்குச் சந்தேகமே வரக்கூடாது."

"யாரோடன்னு கேட்டேன்."

"கூட்டாளியோட. பேரு ஊரு தெரியாது. ஆனா கெட்டிக்காரன்."

"ஓ. கெட்டிக்காரன்."

"அய்யே, மூஞ்சியப் பாரு! கிழவனுக்குப் பொறாமை! வாங்க, நீங்களும் வந்து ஒரு கோழி திருடுங்க."

பேர் தெரியாதவன் கெட்டிக்காரனாம். இந்த வீட்டைக் கட்டினவன் தர்சோனோ. கிணறு தோண்டினவன் தர்சோனோ. அவரை ஒருநாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பயலை இன்றைக்குப் பிடித்துவிடுவது என்று போனை எடுத்தார்.

கூரையைக் கழற்றிவிட்டு மேலேயிருந்து பார்க்கிற மாதிரி ஒரு வீடு தெரிந்தது. முன்கூடம். அடுப்படி. பின்னால் குளியலறை. சுவரோரம் சாய்த்து வைத்த அவருடைய சைக்கிள். கூடத்துப் பாயில் ஒரு கிழட்டு பொம்மை உட்கார்ந்திருந்தது. அதன் பார்வை போகிற பக்கமெல்லாம் மஞ்சள் வெளிச்சம் விசிறி மாதிரி விரிந்தது. அவர் தலையைத் திருப்பினார். வெளிச்சமும் திரும்பியது.

கறுப்பு பொம்மை வாசலுக்கு வந்து நின்றது.

"குலோனுவுன்."

ஆண் குரல். தாழ்ந்த, மரியாதையான, பழைய காலத்துக் குரல். 'உள்ளே வரலாமா' என்கிற அந்தச் சொல் வாசலில் கேட்டால் ஜாவாக்காரன் வாய் யோசிக்காது. யார் எவர் என்று பார்ப்பதற்கு முன்னால் பதில் போய்விடும்.

"மொங்கோ," என்றார் தர்சோனோ. உள்ளே வாங்க.

சொன்ன பிறகுதான் பல்லைக் கடித்தார். எந்தப் பயலைத் துரத்த உட்கார்ந்தாரோ, அவனைத் தன் வாயாலேயே கூப்பிட்டுவிட்டார்.

திரையில் கதவு திறந்தது. வாசல் பக்கம் மரம் முனகியது.

நிமிர்ந்து பார்த்தார். யாருமில்லை. கதவு மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. குனிந்து பார்த்தார். கறுப்பு பொம்மை கிழவனுக்குப் பின்னால் நின்றது. சட்டென்று திரும்பினார். சுவர். மறுபடி திரை. இப்போது அது அடுப்படியில். மஞ்சள் வெளிச்சம் போகிற இடத்தில் அது இல்லை. வெளிச்சம் போகாத இடத்திலெல்லாம் இருந்தது.

குளியலறை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

திரையில் கறுப்பு பொம்மையின் தோளில் ஒரு மூட்டை. மூட்டை துள்ளியது. மூட்டையை எடுத்த இடத்தில் ஒரு பெண் பொம்மை நின்றது, அசையாமல்.

பின்கழுத்தில் ஈரக் காற்று. வெளியே வேலிப்படல் கிறீச்சிட்டது.

"வார்தினி?"

"வந்துட்டேன் மஸ்."

வந்தாள். சேலை மாதிரிச் சுற்றின துணியில் ஒரு சொட்டு ஈரமில்லை. தலைமுடியும் காய்ந்திருந்தது. அவர் முன்னால் வந்து, முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"இனிமே அந்த விளையாட்டு வேணாம் மஸ். உங்களையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

எத்தனை நாளாகக் கேட்கக் காத்திருந்த பேச்சு. நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தேவிட்டது.

கையில் போன் அதிர்ந்தது. "மஸ்! நான் இங்க இருக்கேன்! அது நான் இல்ல! மஸ், கதவைத் தொற—"

அவள் குரல். மூச்சுத் திணறுகிற குரல்.

தர்சோனோ இரண்டையும் பார்த்தார். போனை. எதிரே இருப்பவளை. அவன் கெட்டிக்காரன் என்று அவளே சொன்னாளே. குரல் மாற்றிப் பேசத் தெரியாதா அவனுக்கு? பெண்டாட்டி திருந்தி வந்த அன்றைக்குப் பார்த்துப் பிரிக்கப் பார்க்கிறான்.

பொத்தானை அழுத்தி அணைத்தார். "மஸ்" பாதியில் அறுந்தது.

ஆனாலும் அங்கே உட்கார முடியவில்லை. மழையில் இறங்கி நடந்தார். தெருமுனையில் ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவள் வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாரல் திறந்த கண்களுக்குள் நேராக அடித்தது. இமைக்கவில்லை. கூரைத் தண்ணீர் விழிமேல் வழிந்து கன்னத்தில் இறங்கியது. இமைக்கவில்லை.

"எல்லாம் வித்தை," என்று முனகிவிட்டு நடந்தார். "போனுக்குள்ள எவனாவது ஆளைத் திருடுவானா?"