நான்காம் பாகம்

ஹெட்போனில் ஓடிய நேற்றைய நால்வர் இசைப் பதிவில், முதல் பாகம் முடிந்து இரண்டாம் பாகம் தொடங்குவதற்கு முன்னால் இருந்த பத்து நொடி மௌனத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பதினெட்டு வருடமாக ஒலிப்பதிவு செய்யும் அவளுக்கு வாசிப்பவர்களின் மூச்சு பழகியதுதான். வயலின்காரர்கள் இருவரும் வில்லைத் தூக்கும்போது முனகுவார்கள், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிக்கும் அம்மா மூக்கை உறிஞ்சுவார், கால்களுக்கிடையே நிறுத்திச் செல்லோ வாசிக்கும் அவளுடைய சொந்தத் தம்பி உதட்டைக் கடித்து அடக்கிக்கொள்வான். இது அப்படி இல்லை. சளி கட்டிய, ஈரமான, அவசரமே இல்லாத மூச்சு.

மத்தியானம் மூன்று மணி. அவள் மேசைக்கு எதிரே தடித்த கண்ணாடி, அதற்கப்பால் ஒலி புகாத கூடம், நேற்று அவர்கள் விட்டுப்போன நான்கு நாற்காலிகள். முதல் பாகம் நாலு பேர் ஒரே நேரத்தில் வாதாடுவது போல விரைந்திருந்தது. இரண்டாவது, அழுது ஓய்ந்த வீட்டில் ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசுவது போல நகர்ந்தது. அதன் பின்னிருந்த மௌனத்தில் மூச்சு மைக்குக்கு அருகே வந்திருந்தது. மூன்றாவது, நொண்டிக் காலோடு ஆடும் ஆட்டம். அது முடிந்தும் பதிவு ஓடியது. ஒற்றைச் செல்லோ, மிக மெதுவாக.

தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"டேய், நேத்து நான் கிளம்பினப்புறம் நாலாவது பாகத்தை ஏன் இவ்வளவு இழுத்து வாசிச்சிருக்கே?"

"நாலாவதை நாங்க இன்னும் வாசிக்கவே இல்லையேக்கா. அதுக்குத்தானே இன்னிக்கு வர்றோம்."

"அப்போ இங்க ஓடுறது என்ன?"

"சாப்பிடாம உக்காந்திருப்பே, காது அடைச்சிருக்கும். வந்துட்டே இருக்கேன், பத்தே நிமிஷம்."

கூடத்து மைக்கில் சிவப்பு விளக்கு எரிவதை அப்போதுதான் பார்த்தாள். அணைக்க மறந்துவிட்டோம், அங்கிருந்து ஏதோ சத்தம் கலக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

கைப்பிடி திரும்பவில்லை. கத்தினாள். தொண்டை வலித்தது, சத்தம் வரவில்லை. கதவை உதைத்தாள். அதுவும் ஊமை. பிடரியில் சூடாக, ஈரமாக, ஒரு மூச்சு.

திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி வந்தான். "அக்கா" என்று அவன் வாய் அசைந்தது. சுற்றிலும் தேடினான். பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினான்.

அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியில் அறைந்தாள். நிமிர்ந்தான். அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னாலிருந்த வெற்று நாற்காலிகளைப் பார்த்தான்.

மறுபடி அறைந்தாள். மறுபடி.

காதில் ஓடும் நாலாம் பாகத்தைக் கேட்டபடி அவன் கண்களை மூடிக்கொண்டான். விரல் மேசையில் தட்டத் தொடங்கியது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு தட்டு. ரசித்துக் கேட்பவனின் புன்னகை.

கைகளை நிறுத்தினாள்.

அவன் விரலும் நின்றது. அந்தரத்தில். காத்திருந்தது.

பின்னாலிருந்து இரண்டு குளிர்ந்த கைகள் அவள் மணிக்கட்டுகளைப் பற்றி, மெல்ல உயர்த்தி, கண்ணாடியில் அடித்தன.

தம்பியின் விரல் தாளம் தவறாமல் இறங்கியது.