மூன்றாவது வயர்

வெற்றிச்செல்வன் வீட்டில் கடைசியாகச் செய்த காரியம், ஸ்டூலில் ஏறிப் பரண்மேல் இருந்த பழைய கம்ப்யூட்டரின் தூசியைத் துடைத்தது. வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் அந்தப் பெட்டிக்குள் போய்த்தான் அவனுடைய கம்ப்யூட்டருக்கும் அவன் மனைவி லாவண்யாவுடையதற்கும் பிரியும்.

"ஃபயர்வால்டி. எவனும் உள்ள வர முடியாது. எத வேணா ஆஃப் பண்ணு, இத மட்டும் தொடாத," என்றான். டம்ளரைக் கழுவாமல் போட்டுவிட்டு ஆவடி தொழிற்சாலைக்குக் கிளம்பினான். கொரட்டூர் ஸ்டேஷன் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அவள் தொடவில்லை. அவனுடைய கம்ப்யூட்டரைக்கூட அணைக்கவில்லை. மழைக்காலம் வந்த பிறகும் பெட்டி பரண்மேல் மெல்ல உறுமிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இருக்கிறவரை அவன் வீட்டில் கொஞ்சம் மிச்சமிருக்கிறான், இன்னும் தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பினாள். வேறு பிடிமானம் அவளுக்கு இல்லை.

ஏரிப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்று ஜன்னல் கம்பிகளில் பாசி வாடையைத் தடவிவிட்டுப் போன ஒரு மதியம், தன் கம்ப்யூட்டரில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், திரைக்கு மேலே கேமராவின் விளக்கு எரிவதைக் கண்டாள். யாரோடும் அவள் பேசிக்கொண்டிருக்கவில்லை. அணைத்தாள். சற்று நேரத்தில் மறுபடி எரிந்தது. இழுப்பறையில், அவன் போன பிறகு எடுக்காமலே கிடந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து பெரிதாக ஒன்றை உரித்துக் கேமராவின் மேல் ஒட்டினாள்.

ஒட்டியதும் பீரோவுக்குப் பின்னால் எதுவோ அசைந்தது. ஈரச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

வெற்றியின் கூட்டாளி ஜஸ்டினுக்குப் போன் செய்தாள். அந்தப் பகுதியில் நெட் கனெக்‌ஷன் கொடுப்பவன். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணாத்தே கட்டின கோட்டைல ஓட்டையா? சான்ஸே இல்ல அண்ணி. எலியா இருக்கும்."

பெட்டியோடு ஒரு திரையை இணைத்துப் பாஸ்வேர்டு கேட்டான். அவளுடைய பெயர்தான் அது. எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

திரையைப் பார்த்த ஜஸ்டினின் சிரிப்பு நின்றது.

"உங்க ஊட்ல எத்தினி கம்ப்யூட்டர் கீது?"

"ரெண்டுதான்."

"இதுல மூணு காட்டுது."

"வெளியிலேர்ந்து யாராவது நுழைஞ்சிட்டாங்களா?"

"வெளிய எல்லாம் டைட்டாத்தான் கீது. இது உள்ள, அண்ணி. ஊட்டுக்குள்ள." இன்னும் கொஞ்சம் படித்தான். "உங்க கேமரா பாக்கறது எல்லாம் அதுக்குப் போய்க்கினு கீது. நீங்க அத்தப் பாக்க முடியாத மாதிரி வழிய அடைச்சும் வச்சிகீது."

"யார் வச்சது?"

ஜஸ்டின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணாத்தேதான். நீங்க கல்யாணம் ஆயி வந்த வாரமே."

தன் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால்தான் அவள் தலை வாரியிருக்கிறாள். புடவை மாற்றியிருக்கிறாள். அவன் போன பிறகு வாய்விட்டு அழுததும் அங்கேதான். தொடாதே என்று அவன் சொன்னது அவளுக்காக இல்லை.

இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் போகும் வயர்களைத் தவிர, பெட்டியிலிருந்து மூன்றாவதாக ஒரு வயர் கிளம்பிப் பரண் ஓரமாக ஓடியது. பீரோவுக்குப் பின்னால் இறங்கிப் பின்சுவரிலிருந்த ஒரு துளைக்குள் போனது. அந்தச் சுவருக்கு அப்பால் வீடு எதுவும் கிடையாது. ஏரிதான்.

"எங்க வெளிய வருதுன்னு பாத்துட்டு வந்துடறேன்," என்று ஜஸ்டின் மாடிப்படியில் கீழே இறங்கினான். பின்பக்கம் போய்ப் போனில் கூப்பிட்டான்.

"அண்ணி, இங்க ஒண்ணுமே இல்ல. ஓட்டைகூட இல்ல. வெறும் சுவரு."

அவள் போனைக் கீழே வைத்தாள். ஸ்டூலில் ஏறினாள். பெட்டியிலிருந்து மூன்றாவது வயரைப் பிடுங்கினாள். இறங்கி அதைப் பிடித்து இழுத்தாள். வயர் சூடாக இருந்தது, உடம்புச் சூடு போல.

கொஞ்சம் வந்தது.

நின்றது.

பிறகு உள்ளிருந்து இழுத்தது.

வெடுக்கென்று இல்லை. பழகிய கை இழுப்பது போல, நிதானமாக. வயர் அவள் உள்ளங்கையை உரசிக்கொண்டு சுவருக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது. முனை துளையின் விளிம்பில் ஒருமுறை தட்டியது. உள்ளே விழுந்தது.

கீழே ஜஸ்டின் கூப்பிட்டான்.

வயர் இல்லை. அவள் ஜஸ்டின் இணைத்திருந்த திரையைப் பார்த்தாள். வீட்டுக்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் என்றே அது இன்னமும் காட்டிக்கொண்டிருந்தது.