தும்பியா, ஆந்தையா?

வெள்ளிக்கிழமை காலையில் பல் துலக்கியதும் முகம் கழிப்பது செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் வழக்கம். காப்பி கலந்துகொண்டே செய்துவிடலாம், வலிக்காது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்திருக்கும் நினைவுமணி இரண்டு முறை கிணுகிணுக்கும். அந்த வாரம் குடியிருப்பை விட்டுப் போனவர்களின் முகங்கள், இருப்பவர்கள் அத்தனை பேர் தலையிலிருந்தும் ஒரே சமயத்தில் அழிந்துவிடும். பெயர் இருக்கும், குரல் இருக்கும், அவர் சொன்ன பொய்கூட நினைவிருக்கும். முகம் மட்டும் இருக்காது.

நமக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். அங்கே யாரும் அப்படி நினைப்பதில்லை. ஒரு காலத்தில் முகத்திருட்டு தலைவிரித்தாடியது. செத்துப்போனவர்கள் திரையில் தோன்றிச் சாட்சி சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் போட்டுக்கொண்டு எவனோ கல்யாணமே செய்துகொண்டான். அதற்குப் பிறகு வந்ததுதான் முகவுரிமைச் சட்டம். ஒருவருடைய முகம் அவர் வாழும் ஊருக்குள்தான் இருக்கலாம். அவர் ஊரை விட்டுப் போனால் முகமும் கூடவே போய்விட வேண்டும்.

நினைவுமணி எதற்கு, சொந்த மூளையில் வைத்துக்கொள்வதுதானே என்று கேட்பீர்கள். தொலைபேசி எண்களை மனப்பாடமாக வைத்திருந்த மனிதர்கள், கைப்பேசி வந்ததும் சொந்த வீட்டு எண்ணையே மறந்துபோனார்கள். இவர்களுக்கு முகங்கள் அப்படி மறந்துபோயின. நான்கு தலைமுறையாக மணியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால், மூளையில் அந்த மூலை காலியாகிவிட்டது.

சட்டத்தில் ஒரே ஒரு சந்து விட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு தனிக்கேமரா வைத்துக்கொள்ளலாம். எந்த வலையோடும் சேராத கேமரா. எடுத்த படம் அதன் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். பின்பக்கத் திரையில் பார்த்துக்கொள்ளலாம், வேறெங்கும் மாற்ற முடியாது.

பூவராகனுக்கு அப்படி ஒரு கேமரா தேவைப்பட்டது. குடியிருப்பின் கழிவுநீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் அவர் மேற்பார்வையாளர். எதையும் இரண்டு தரம் சோதிக்காமல் குழாயில் விடாத மனிதர். ஊரே அவரை நம்பித்தான் தண்ணீர் குடித்தது. அவருடைய ஒரே மகள் நப்பின்னை பனிப்பாறை ஆய்வாளர். சனிக் கிரகத்தின் நிலவான டைட்டனுக்குப் போகும் கப்பலில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. போனால் போனதுதான். அவள் திரும்பி வரும் வயதில் பெற்றவர்கள் இருக்க மாட்டார்கள். கப்பலிலிருந்து குரல் வரும், முகம் வராது.

"ஒரே ஒரு படம். நல்லதா ஒரு படம் இருந்தா போதும்" என்று பூவராகன் மனைவி குமுதவல்லியிடம் சொன்னார். மகள் முகமில்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அங்காடியில் புதிதாகப் படமெடுக்கக் கற்பவர்களுக்கென்று தும்பி, ஆந்தை என்று இரண்டு கேமராக்கள் இருந்தன. பழைய காலத்துக் கேமராக்களுக்குள் வெளிச்சத்தைத் திருப்பிவிட இருந்த கண்ணாடி இரண்டிலும் கிடையாது. வில்லைக்குள் புகும் வெளிச்சம் நேராக உணரியில் விழும். தும்பி கைக்கு அடக்கமானது, எதிரே நிற்பவரின் கண்ணைத் தேடி ஃபோகஸ் பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆந்தை கொஞ்சம் கனம், ஆனால் இருட்டில் நன்றாகப் பார்க்கும். அதோடு ஆந்தையில் அசைவுத் திருத்தி என்று ஒன்று இருந்தது. எதிரே நிற்பவர் அசைந்தாலும் நடுங்கினாலும் அது கண்டுபிடித்துச் சரிசெய்து, கல்லில் செதுக்கியதுபோல் படம் கொடுக்கும். தும்பியில் அது இல்லை.

"தாங்கள் இரண்டையும் பதினைந்து நாள் வைத்திருந்து ஒப்பிடலாம்" என்றது விற்பனை எந்திரன். "வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்கலாம். திரும்பி வரும் கேமராவின் படங்கள் அழிக்கப்படும். ஒப்பிடுவதற்குச் சோதனை அட்டை ஒன்று இலவசம்."

அட்டை ஒரு முறம் அளவு இருந்தது. அதில் கோடுகள், வண்ணக் கட்டங்கள், பொடிப்பொடி எழுத்துகள். ஒரு மனிதர் அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும், தோலின் நிறம் சரிபார்க்க விரல்கள் ஓரத்தில் தெரிந்தால் போதும் என்று பின்புறம் அச்சிட்டிருந்தார்கள். கப்பல் கிளம்பவும் பதினைந்து நாள்தான் இருந்தது. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று பூவராகன் மகிழ்ந்துபோனார்.

அன்று மாலையே வேலை தொடங்கியது. கூடத்தில் ஸ்டாண்டு போட்டு, தும்பியில் ஒன்று, ஆந்தையில் ஒன்று. ஜன்னலோரம் ஒன்று, விளக்கடியில் ஒன்று, காய்கறிக் கூடாரத்தின் பச்சை வெளிச்சத்தில் ஒன்று. எல்லா இடத்திலும் நப்பின்னை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, என்னை எடுக்கறீங்களா, இந்த அட்டைய எடுக்கறீங்களா?"

"உனக்காகத்தாம்மா இவ்வளவும். அட்டைய இன்னும் கொஞ்சம் மேல தூக்கு."

அவள் தூக்கினாள். எடுத்ததையெல்லாம் அவர் திரையில் பெரிதாக்கி, மூலைக்கு மூலை எழுத்துகளைப் படித்துப் பார்த்தார். ஊரின் இணைய மன்றத்தில் 'எது வாங்கலாம்?' என்று ஒரு கேள்வியும் போட்டார். உங்கள் தேவையைப் பொறுத்தது என்று பலர் சொன்னார்கள். அடுத்த சரக்குக் கப்பலில் புது மாடல் வருகிறது, பொறுங்கள் என்று சிலர் சொன்னார்கள். பூமியிலிருந்து ஒருவர் அனுப்பிய பதில் அத்தனை கோடி மைல் தாண்டி வந்து, கேமரா முக்கியமில்லை, எடுப்பவர்தான் முக்கியம் என்றது. பூவராகன் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, முன்னைவிட அதிகமாகக் குழம்பினார்.

ஒருநாள் அவர் வேலைக்குப் போயிருந்தபோது குமுதவல்லி தும்பியை எடுத்து ஒரு படம் பிடித்தார். சமையலறையில் நின்றபடி நப்பின்னை வாயில் அடையைத் திணித்துக்கொண்டு சிரிக்கிற படம். மாலையில் பூவராகன் அதைப் பார்த்தார்.

"தலை பாதி வெட்டுப்பட்டிருக்கே. ஃபோகஸும் விழல."

"பரவால்லீங்க, இருக்கட்டுமே. சிரிக்கறா பாருங்க."

"வாங்கப் போற கேமராவுல நல்லதா எடுக்கத்தானே போறேன். இது ஒப்பீட்டுக் கணக்கைக் கெடுக்கும்" என்று சொல்லி அழித்துவிட்டார். குமுதவல்லி தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார்.

நாட்கள் ஓடின. ஆந்தை உறுதியாகத்தான் இருந்தது. தும்பிதான் வரவர அவரைக் கவலைப்பட வைத்தது. முதல் வாரத்தில் ஒழுங்காக இருந்த கேமரா, இரண்டாம் வாரத்தில் எழுத்துகளை இரட்டை இரட்டையாகக் காட்டியது. நாளாக நாளாகத் தளர்கிறது போலிருக்கிறது என்று நினைத்தார். ஆனாலும் தும்பியின் நிறம் மனதுக்குப் பிடித்திருந்ததால் உடனே தள்ளவும் மனம் வரவில்லை. இன்னும் ஒரு சோதனை பாக்கி, துறைமுகத்தில் எதிர்வெளிச்சம் எப்படி வருகிறதென்று பார்த்துவிட்டால் முடிவெடுத்துவிடலாம்.

ஆகவே கப்பல் கிளம்பும் நாளில், மற்ற வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு நின்றபோது, பூவராகன் ஸ்டாண்டை விரித்துக்கொண்டிருந்தார். பெரிய கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நப்பின்னை அட்டையைப் பிடித்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் குமுதவல்லி.

"அப்பா, அட்டைய இறக்கட்டுமா?" என்றாள் நப்பின்னை.

"இரும்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஆடாம பிடி."

கதவு மூடப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. ஒரு வழியாகப் பூவராகன் முடிவுக்கு வந்துவிட்டார். ஆந்தைதான். இனி அட்டை இல்லாமல் அந்த நல்ல படத்தை எடுத்துவிட வேண்டியதுதான். கடைசியாக வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறதா என்று திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். கன்னத்தில் ஏதோ ஈரமாகப் பட்டது. அவர் நிமிர்ந்தபோது மகள் முத்தம் கொடுத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். வாசலில் அவளுடைய முதுகு ஒரு கணம் தெரிந்தது. அட்டை குமுதவல்லியின் கையில் இருந்தது.

"எடுத்தீங்களா?" என்று குமுதவல்லி கேட்டார்.

பூவராகன் ஸ்டாண்டை மடக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. இருவரும் அன்று காப்பி கலக்கவில்லை. கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மணி ஒலிக்கும்வரை கண்ணை மூடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிணுகிணு என்றது. அப்புறம் நப்பின்னை என்று நினைத்தால் ஒரு குரல் வந்தது, முன்னறையில் யாரோ நடக்கிற சத்தம் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பூவராகன் மறுபடி மறுபடி முயன்றார். கண் எப்படி இருக்கும்? மூக்கு யாருடைய மூக்கு?

வேறு வழியில்லாமல் இரண்டு கேமராக்களையும் மடியில் வைத்துக்கொண்டு படங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கில் படங்கள். எல்லாவற்றிலும் அட்டை. அட்டையின் இரு ஓரத்திலும் நான்கு நான்கு விரல்கள்.

"நகம் கடிப்பாளா?" என்று பூவராகன் கேட்டார்.

"சின்ன வயசுலேருந்து. நீங்க பாத்ததில்லையா?"

ஆந்தையின் துறைமுகப் படத்தில் விரல்கள் சிலைபோல் நின்றன. தும்பியின் படத்தில் அட்டை முழுதும் கலங்கிக் கிடந்தது. ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை.

"பாத்தியா, இது கடைசிவரைக்கும் ஆடிடுச்சு" என்றார்.

"ஸ்டாண்டுலதானே வச்சிருந்தீங்க?"

"ஆமா."

"ஸ்டாண்டுல இருக்கற கேமரா எப்படிங்க ஆடும்? அவ அழுதுட்டிருந்தா. கடைசி வாரம் பூராவும் அட்டைக்குப் பின்னாடி அழுதுட்டுதான் இருந்தா. நான் சொல்லலாம்னு வந்தா, சொல்ல வேணாம்மா, அப்பா எனக்காக இவ்வளவு கஷ்டப்படறாருன்னு தடுத்துட்டா."

பூவராகன் தும்பியின் படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் நாட்களில் எழுத்துகள் தெளிவாக இருந்தன. கப்பல் நாள் நெருங்க நெருங்க நடுக்கம் கூடிக்கொண்டே போனது. கேமரா தளர்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டதெல்லாம் இதுதான். ஆந்தை அத்தனை நடுக்கத்தையும் ஒன்று விடாமல் திருத்தி வைத்திருந்தது. அந்த மனிதர் குழந்தைபோல் விம்மி அழுதார். அழித்துப்போட்ட அந்த அடைப் படம் இப்போது கிடைத்தால், மிச்சமிருக்கும் ஆயுளைக் கேட்டாலும் கொடுத்திருப்பார்.

ஒப்பீட்டுக் காலம் முடிந்திருந்தது. மாலையில் அங்காடிக்குப் போய் ஆந்தையை மேஜைமேல் வைத்தார்.

"இது திரும்பிப் போகட்டும். தும்பிய நான் வச்சுக்கறேன்."

"மன்னிக்கவும்" என்றது எந்திரன். "தங்கள் சோதனைகளின்படி ஆந்தையே எல்லா வகையிலும் மேல். தும்பியின் கடைசிப் படங்கள் பயன்படுத்தத் தக்கவை அல்ல."

"தெரியும்ப்பா. அந்தப் படங்கதான் எனக்கு வேணும்."

எந்திரனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்வது அதன் வேலை இல்லை என்பதால் ரசீதைக் கொடுத்தது. ஆந்தையின் வயிற்றில் இருந்த விரல்கள் ஒரு நொடியில் அழிந்தன. பூவராகன் தும்பியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திரும்பினார். வாசலில் ஒருவர் வழிமறித்தார். காற்றழுத்தப் பிரிவில் வேலைபார்க்கும் அருளப்பன். அவருடைய மகன் அடுத்த கப்பலில் போகிறான்.

"சார், நீங்க ரெண்டையும் வச்சுப் பாத்தீங்கன்னு மன்றத்துல படிச்சேன். எது எடுக்கலாம்?"

"எதையாவது எடுத்துட்டு நேரா வீட்டுக்குப் போங்க" என்றார் பூவராகன். "பையன் முகத்த இன்னிக்கே எடுத்துருங்க. தலை வெட்டுப்பட்டாலும் பரவால்ல, அழிச்சிடாதீங்க."

அருளப்பன் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். "கட்டாயம் சார். அதுக்குத்தானே நல்லதா ஒண்ணு தேடறேன். ஆனா இருட்டுல எது தேவலைங்க?"

பூவராகன் போய்விடத்தான் நினைத்தார். ஆனால் கால் நகரவில்லை. "இருட்டுல ஆந்தைதான்" என்றார். பிறகு, காய்கறிக் கூடாரத்துப் பச்சை வெளிச்சத்தில் எது எப்படி, விளக்கடியில் எது எப்படி, எதிர்வெளிச்சத்தில் தோல் நிறம் எதில் இயல்பாக வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல, அந்தந்த இடத்தில் மகள் நின்றது மட்டும் நினைவுக்கு வந்தது. அவளோடு இருந்த கடைசிப் பதினைந்து நாளில் அவர் பார்த்து வைத்திருந்தது அவ்வளவுதான்.

அருளப்பன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். "ரொம்ப உபகாரம் சார். அப்ப ரெண்டையும் எடுத்துட்டுப் போய் நானும் ஒருக்கா வச்சுப் பாத்துடறேன்" என்று சொல்லி உள்ளே போனவர், சோதனை அட்டையையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.